குளிரறையின் சிறந்த பாடகி

1

கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு படம் ஒட்டியிருக்கிறார்கள். மோதிரம், தோடு, சங்கிலி, நகப்பூச்சு, பூ, ஒட்டுப்பொட்டு. ஒவ்வொன்றின் மேலும் சிவப்புக் கோடு. எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே ஒரே பெயர்: அந்நியப் பொருள். கீரைக்குள் விழுந்துவிடக்கூடிய எதுவும் அந்நியப் பொருள்.

டண்டினொங்கில் இறங்கி பஸ் பிடித்தால், பொருள் களஞ்சியங்களுக்கு நடுவே வருகிற வெள்ளைக் கட்டடம் எங்களுடையது. சலாட் கீரை கழுவிப் பொதி செய்யும் இடம். மெல்பேர்னின் கோடையிலும் உள்ளே மார்கழி. வெளியே மரங்கள் பூத்து உதிர்வது எங்களுக்கு வேலை விட்டுப் போகும்போதுதான் தெரியும். நீலத் தலைவலை, வெள்ளை அங்கி, முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து. தாலியைக் கழற்றி என் சாமான் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். ஊரில் இதைக் கேட்டால் எத்தனை பேர் நெஞ்சில் கை வைப்பார்கள் என்று தெரியும். முதல் வாரம் எனக்கும் கழுத்து வெறுமையாகக் குளிர்ந்தது. பிறகு பழகிவிட்டது. பழகாதது எது இந்த நாட்டில்?

தலைவலையைப் போட்டுக்கொண்டால் நாங்கள் எல்லோரும் ஒரே ஆள். எல் சால்வடோர்க்காரி யார், வியட்நாம்காரி யார், நான் யார் என்று கண்ணை மட்டும் வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். யார் கட்டியவள், யார் கட்டாதவள், யார் கட்டியவனை இழந்தவள் என்று கண்ணில் எழுதியிருப்பதில்லை.

யோகாவுக்கு அந்த இடம் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

"இஞ்சை ஒருத்தரும் என்ர நெத்தியைப் பாக்கிறேல்லை அக்கா," என்றாள், சேர்ந்த முதல் மாதத்தில்.

2

யோகா படகில் வந்தவள். தடுப்பு முகாமில் நெடுநாள் இருந்து, தற்காலிக விசாவில் வெளியே விடப்பட்டு, வேலை செய்யலாம் என்ற அனுமதியோடு எங்களிடம் வந்து சேர்ந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். யுத்தம் முடிந்த அந்த மே மாதத்தில், சனத்தோடு சனமாக நடந்து வந்தபோது ஒரு சோதனைச் சாவடியில் ஆண்களைத் தனியாகப் பிரித்தார்கள். அவளுடைய கணவன் தண்ணீர்ப் போத்தலை அவள் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போனான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. இருக்கிறான் என்று சொல்ல ஆளில்லை. இல்லை என்று சொல்லவும் ஆளில்லை.

அவளுடைய நெற்றியில் ஒரு சின்னப் பொட்டு இருக்கும். சிவப்பும் இல்லை, கறுப்பும் இல்லை, மண் நிறம். கிட்ட நின்று பார்த்தால் பொட்டு, எட்ட நின்று பார்த்தால் மச்சம். அந்த நிறத்தைத் தேடி அவள் எத்தனை கடை ஏறி இறங்கினாள் என்று எனக்குத் தெரியும், கூடப் போனவள் நான்.

காரணம் இதுதான். ஊரில் இருக்கிற மாமியார் ஞாயிற்றுக்கிழமைகளில் கிளிநொச்சிக்கு பஸ் ஏறி வந்து ஒரு கடையில் இருந்து ஸ்கைப்பில் கதைப்பார். வந்ததும் முதல் கேள்வி, "பொட்டு வச்சிருக்கிறியே பிள்ளை?" வைக்காவிட்டால் அழுவார். தன் மகன் இருக்கிறான் என்பதற்கு அவரிடம் மிஞ்சியிருக்கும் ஒரே அத்தாட்சி மருமகளின் நெற்றி. இங்கேயோ எங்கள் சனம் வேறுமாதிரி. கோயிலில் பெரிய பொட்டோடு நின்றால் நெற்றியைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொள்ளும். "பாவம், இன்னும் நம்பிக்கொண்டிருக்கு."

யோகா தங்கியிருந்தது நேசம் அன்ரியின் வீட்டில். அன்ரி எண்பதுகளில் வந்தவர், எழுபது வயதைத் தாண்டியவர், அங்கிள் போன பிறகு தனியாள். அறையைக் கொடுத்து, குளிருக்குச் சட்டை வாங்கிக் கொடுத்து, காய்ச்சல் என்றால் குசினியில் நின்று ரசம் வைத்து ஊட்டியவர். இந்த எழுத்தில் அவரை ஒருவரும் கெட்டவராக நினைத்துவிடக்கூடாது. போன மே மாத நினைவுநாளுக்கு மண்டபத்தில் பெயர் வாசித்து விளக்கேற்ற ஒழுங்கு செய்தபோது அன்ரி யோகாவின் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"அவரின்ர பேரையும் தாவன் பிள்ளை. ஒரு விளக்கு ஏத்துவம். உனக்கும் மனம் ஆறும்."

"ஏத்தினால் செத்திட்டார் எண்டு அர்த்தம் அன்ரி."

"எத்தினை வரியமாச்சு..."

"ஆகட்டும்."

அன்றைக்கு எல்லோரும் விளக்கேற்றினோம். யோகா கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அரசாங்கமும் அதையே கேட்டது, வேறு மொழியில். வழக்கறிஞரின் அலுவலகத்தில் துணைக்கு நான் போயிருந்தேன். திருமணமானவர், விதவை, பிரிந்தவர், விவாகரத்தானவர் என்று கட்டங்கள். தொலைபேசியில் எங்கோ இருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொன்றாய் வாசித்தார்.

"காணாமல் போன ஆளுக்கு எந்தப் பெட்டி?" என்று யோகா கேட்டாள்.

"அம்மா, அதை நான் சொல்லேலாது. நான் மொழிபெயர்க்க மட்டும்தான்," என்றது தொலைபேசி. குரல் வன்னிக் குரல். பிறகு கட்டங்களை மறுபடி முதலிலிருந்து வாசித்தது.

3

எங்கள் வரிசையின் தலைவி மார்த்தா. எல் சால்வடோரில் அவர்களுடைய யுத்தத்திலிருந்து தப்பி வந்தவள். அறுபதை நெருங்குகிறாள். வேலை விட்டதும், தலைவலையைக் கழற்றிய அதே கையால் ஒரு சிவப்புத் துணிப்பூவைக் காதோரம் செருகுவாள். அது என்ன வழக்கம் என்று ஒருநாள் கேட்டேன். அவளுடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே அளவு உடைந்தவை, அதனால் நன்றாகப் பொருந்தும்.

"ஒரு புருசனைப் புதைத்தேன். ஒருத்தனைத் துரத்தினேன். இரண்டு நாளும் இந்தப் பூதான்," என்றாள்.

பூவுக்கும் புருசனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத நாடும் இருக்கிறது. அன்று பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன், இறங்கும் இடத்தைத் தாண்டிவிட்டேன்.

மார்த்தாவுக்கும் அவளுடைய ஸ்பானிய மொழிக் கூட்டத்துக்கும் வருடத்தில் ஒரு திருநாள் உண்டு. அமெரிக்காவில் வியாழன் மாலை நடக்கும் இலத்தீன் இசை விருது விழா, இங்கே வெள்ளி மதியத்தில் வந்து விழும். சாப்பாட்டு அறையில் ஒரு மடிக்கணினியைச் சுற்றிக் கதிரைகளை இழுத்துப்போட்டுக்கொண்டு கத்துவார்கள். அவர்களுக்கு முக்கியமானது ஒரு விருது: பெண் பாடகியின் சிறந்த பொப் இசைத்தட்டு. மெக்சிகோக்காரி, கொலம்பியாக்காரி, சிலிக்காரி என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு கட்சி. தோற்ற கட்சி அடுத்த வாரம் எல்லோருக்கும் சோளரொட்டி சுட்டுக்கொண்டு வரவேண்டும். எனக்குப் பாடகிகளின் பெயர் ஒன்றும் மனதில் நிற்காது. ரொட்டி நிற்கும்.

இந்த வருடம், இரண்டாயிரத்துப் பன்னிரண்டின் பட்டியல் வந்த அன்று, மார்த்தா சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் இருந்தாள். பெண்களுக்கென்று இருந்த அந்த விருதே பட்டியலில் இல்லை. ஆணையும் பெண்ணையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மகள் அபியிடம் சொன்னேன். பதினாறு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இரண்டு கரையில் நின்று பேசுகிறோம், நடுவே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது.

"அது நல்லதுதானே மம்? கேர்ள்ஸுக்கு ஏன் செப்பரேற்றா? தட்ஸ் ஈக்வாலிற்றி," என்றாள்.

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. மறுநாள் மார்த்தாவிடம் அதைச் சொன்னேன். அவள் கீரையைத் தட்டிலிருந்து அள்ளிக்கொண்டே பேசினாள்.

"உன் மகள் சின்னப்பிள்ளை. தனி விருது இருந்தால் வருடத்துக்கு ஒருத்தி நிச்சயம். மேடையில் ஒருத்தி ஏறியே ஆகவேண்டும். இனிப் பார், ஒவ்வொரு வருடமும் ஏறுவாளா?"

எங்கள் பக்கத்து விழாக்கள் எனக்கு நினைவு வந்தன. ஸ்பிரிங்வேல் மண்டபத்தில் கலைவிழா என்றால் போட்டியிட்ட எல்லாப் பிள்ளைக்கும் ஒரு கேடயம், அம்மாமாருக்குள் சண்டை வராமல் இருக்க. பெரியவர்களைக் கௌரவிக்கும்போது பெண்ணை மேடைக்கு அழைப்பது "திருமதி" என்று தொடங்கி அவளுடைய கணவனின் பெயரில் போய் முடியும். நன்றாகப் பாடியவள் அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நசுங்கிக் கிடப்பாள். கணவன் காணாமல் போனவளை என்னவென்று அழைப்பார்கள்? அழைக்கமாட்டார்கள். அதுதான் சுலபம்.

அந்த வார இறுதிக்குள் மார்த்தா முடிவெடுத்துவிட்டாள். அவர்கள் கொடுக்காவிட்டால் நாங்கள் கொடுப்போம். நவம்பரில் விழா முடிந்த மறுநாள், சனிக்கிழமை, நோபிள் பார்க்கில் ஒரு சிறு மண்டபம். விருதின் பெயர் குளிரறையின் சிறந்த பாடகி. பரிசு, தங்க நிற ஸ்பிரே அடித்த ரப்பர் சப்பாத்து ஒன்று. இடது கால்.

"யோகா பாடவேண்டும்," என்றாள். கேள்வியாக இல்லை.

4

யோகா பாடுவாள் என்பது எங்கள் வரிசை முழுக்கத் தெரியும். மார்த்தா தன் வானொலியைத் தண்ணீர் படாமல் பிளாஸ்ரிக் தாளில் சுற்றித் தூணில் கட்டி வைத்திருப்பாள், நாள் முழுக்க ஸ்பானியப் பாட்டு. யோகா அதைக் கேட்டுக் கேட்டு, கிழித்த பெட்டி மட்டையில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் பாடமாக்கினாள். இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே அவள் குரல் எழும்பும்போது, ஸ்பானியப் பெண்கள் கீரையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு சொல்லும் விளங்காமல் பாடுகிறவள், ஒரு சொல்லும் பிசகாமல் பாடினாள்.

தமிழ்ப்பாட்டு பாடேன் என்று கேட்டேன். "ஏலாதக்கா," என்றாள். "தமிழிலை எந்தப் பாட்டை எடுத்தாலும் அவர் வந்து நிக்கிறார்."

அபி பள்ளிக்கூடத்தில் ஸ்பானியம் படிக்கிறாள். தமிழ்ப் பள்ளியை விட்டு அதை எடுத்தபோது வீட்டில் பெரிய சண்டை, அது வேறு கதை. போட்டிக்கு முன் சில வாரங்கள் யோகா எங்கள் வீட்டுக்கு வந்து அபியோடு பாட்டைப் பழகினாள். குசினியில் நின்று கேட்டேன். என் மகள் தமிழ் பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்பிடி இல்லை யோகா அன்ரி. நாக்கை மேல வையுங்கோ. மேல, மேல. உங்களுக்கு அந்த ரகரம் வரும், எனக்குத்தான் வராது."

அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். எங்கள் வீட்டுக்குள் தமிழ் ஸ்பானியத்தின் முதுகில் ஏறித் திரும்பி வந்துகொண்டிருந்தது. எத்தனை நாளைக்கு என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

"அர்த்தம் சொல்லட்டா?" என்று அபி கேட்டாள்.

"வேண்டாம் பிள்ளை. தெரிஞ்சால் பாட ஏலாமல் போயிடும்."

யோகா போன பிறகு நான் அபியைக் கேட்டேன், அது என்ன பாட்டு என்று. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இற்ஸ் எ பிரேக்-அப் சோங் மம். அந்தப் பொம்பிளை தன்ர ஆளைத் துரத்துறா. போ, உன்ர சப்பாத்தையும் எடுத்துக்கொண்டு போ, திரும்பி வராத. பட் யோகா அன்ரி பாடேக்கை..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. யோகா அதைப் பாடும்போது ஒருவரையும் போகச் சொல்லவில்லை.

"அவவுக்குச் சொல்லாத," என்றேன்.

"ஐ நோ, மம்."

போட்டிக்கு முதல் நாள், சாமான் பெட்டிகளுக்கு முன்னால் தலைவலையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது யோகா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். மேடையில் ஏறுகிற ஒவ்வொருத்திக்கும் மார்த்தா பூ வைப்பாளாம். வெறும் தலையோடு ஒருத்தியும் பாடக்கூடாதாம்.

"நான் வைக்கப்போறன் அக்கா."

"வையன்."

"அவர் இருக்கிறார் எண்டால் வைக்கலாம்தானே?"

"ஓம்."

"இல்லையெண்டால் அவருக்குத் தெரியவா போகுது?" என்றுவிட்டுச் சிரித்தாள். சிரித்த வாயைக் கையால் மூடிக்கொண்டாள். பிறகு, சுவரைப் பார்த்தபடி, "இவ்வளவு நாளும் மற்ற ஆக்கள்தான் முடிவு செய்தவை அக்கா. நாளைக்கு நான்," என்றாள்.

5

மண்டபத்தில் சோளரொட்டியின் மணம், பொரித்த வாழைப்பழத்தின் மணம், பிள்ளைகளின் ஓட்டம். தமிழ் ஆட்கள் நாங்கள் நாலுபேர்: யோகா, நான், அபி, நேசம் அன்ரி. அன்ரி மீன் அடைத்த பற்றிஸ் சுட்டுக்கொண்டு வந்திருந்தார். அவருடைய நல்ல சேலையை உடுத்தியிருந்தார். யோகா என்னுடைய கரும்பச்சைச் சேலையில்.

நான் குசினிக்குள் பற்றிஸை சூடாக்கிக்கொண்டிருந்தேன். பரிமாறும் சாளரத்தின் வழியாகப் பார்த்தபோது, அன்ரி மார்த்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மார்த்தா மேடையைப் பார்த்தாள், யோகாவைப் பார்த்தாள், தலையாட்டினாள். நன்றி சொல்கிறார் என்று நினைத்து அடுப்பின் பக்கம் திரும்பிவிட்டேன்.

ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். மார்த்தாவின் கையில் ஒரு பிஸ்கட் ரின், அது நிறையத் துணிப்பூ. பெயரைக் கூப்பிடுவாள், வந்தவளின் காதோரத்தில் பூவைச் செருகுவாள், மண்டபம் கை தட்டும். வியட்நாம்காரிக்கு மஞ்சள். கொலம்பியாக்காரிக்கு ஊதா. பாட வந்த ஒரு தொண்ணூறு வயதுக் கிழவிக்கு வெள்ளை, அவளுக்கு விசிலும் கிடைத்தது.

"யோகா!"

யோகா ஏறினாள். மார்த்தாவின் முன்னால் நின்று தலையைச் சற்றுக் குனிந்தாள். கோயிலில் திருநீறு வாங்க நிற்பதுபோல். கண்ணை மூடியிருந்தாள்.

மார்த்தாவின் கை ரின்னுக்குள் போகவில்லை. யோகாவின் தோளைத் தட்டிக் கொடுத்தது. பிறகு ஒலிவாங்கியை நீட்டியது.

யோகா குனிந்தபடியே நின்றாள். மண்டபம் கை தட்டி ஓய்ந்தது. அவள் இன்னும் நின்றாள். நான் குசினி வாசலுக்கு வந்துவிட்டேன். குனிந்த ஒரு தலை எவ்வளவு நேரம் அப்படி நிற்க முடியும்?

நிமிர்ந்தாள்.

"மார்த்தா, மை ஃபிளவர்?"

ஒலிவாங்கி கையில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. மார்த்தாவின் முகம் சிவந்தது. அவள் பார்வை மேசையருகே நின்ற நேசம் அன்ரியிடம் போனது. யோகாவின் பார்வையும் அதன் பின்னால் போனது. அங்கே போய்ச் சேர்ந்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அன்ரி," என்றாள் தமிழில், ஒலிவாங்கியில். "அவர் செத்துப்போனார் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

நூறு பேருக்கு மேல் இருந்த மண்டபம். விளங்கியது மூன்று பேருக்கு. ஆனால் எல்லாக் கரண்டியும் நின்றுவிட்டது.

"பிள்ளை, நான் அப்பிடிச் சொல்லேல்லை... உனக்கு அந்தரமா இருக்குமெண்டு..." அன்ரி பற்றிஸ் தட்டை மேசையில் வைத்தார்.

யோகா அசையவில்லை. பாடவும் இல்லை, இறங்கவும் இல்லை. மார்த்தா அவசரமாக ரின்னைத் திறந்து ஒரு பூவை எடுத்தாள், ஆனால் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் அவள் கை பாதியில் நின்றது.

அப்போது என் மகள் ஓடினாள். படியில் ஏறவில்லை, மேடையின் விளிம்பில் முழங்காலை வைத்துத் தாவி ஏறினாள். மார்த்தாவின் கையிலிருந்து பூவை வாங்கினாள், சிவப்பு. தன் தலையில் இருந்த கிளிப்பைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு, அந்தப் பல்லிடுக்கால் சொன்னாள்:

"குனியுங்கோ யோகா அன்ரி."

யோகா குனிந்தாள்.

பிறகு பாடினாள். போ, திரும்பி வராதே என்ற அந்தப் பாட்டை. அர்த்தம் தெரிந்த அத்தனை பெண்களும் முதலில் சிரிக்கத் தயாராக இருந்தார்கள், அது அவர்கள் கூட்டமாகக் கத்திப் பாடுகிற பாட்டு. இரண்டாவது அடியில் சிரிப்பு நின்றது. போ என்ற சொல்லை அவள் வா என்று பாடிக்கொண்டிருந்தாள். மார்த்தா ரின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். "என் இரண்டாவது புருசனை இந்தப் பாட்டைப் பாடித்தான் துரத்தினேன்," என்று பிறகு என்னிடம் சொன்னாள். "இதற்குள் இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது."

தங்கச் சப்பாத்து யோகாவுக்குத்தான் கிடைத்தது. அதில் ஒருவருக்கும் வழக்கில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், காருக்குள். அன்ரி முன் இருக்கையில், யோகா பின்னால், மடியில் சப்பாத்து. ஸ்பிரேயின் மணத்தில் தலை இடித்தது. சிவப்பு விளக்கில் நின்றபோது அன்ரி வெளியே பார்த்தபடி பேசினார்.

"அங்கிள் செத்து மூண்டாம் மாசம். ஒரு கலியாண வீடு. வாசல்லை ஒரு பிள்ளை மல்லிகைத் தட்டோடை நிண்டது. எனக்கு நீட்டினது, பிறகு ஆரோ பின்னாலை நிண்டு இழுத்திச்சினம், தட்டு அப்பிடியே திரும்பிப் போச்சு. அண்டைக்கு நான் அந்த வாசலிலை நிண்ட நிலை... அது உனக்கு நடக்கக்கூடாது எண்டுதான் பூ நீட்டவேண்டாமெண்டு முன்கூட்டியே சொன்னனான் பிள்ளை."

விளக்குப் பச்சையானது. பின்னால் இருந்த கார் ஹோர்ன் அடித்தது.

"விளங்குது அன்ரி," என்றாள் யோகா. பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

6

மறுநாள் ஞாயிறு. யோகா மத்தியானமே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்ரியின் வீட்டுக் கணினியில் ஏதோ பிழை என்றாள். பிழை கணினியில் இல்லை என்று எனக்குத் தெரியும், அதனால் தேநீர் போட்டேன்.

தலையில் பூ அப்படியே இருந்தது. முகம் கழுவி, எண்ணெய் பூசி வாரி, திரும்பவும் அதே கிளிப்பால் குத்தியிருந்தாள். நெற்றியில் மண் நிறம் இல்லை, சிவப்பு.

"பூவோடையா மாமியோடை கதைக்கப்போறாய்?"

"ஓமக்கா. பொட்டு வைக்கச் சொல்லியே எத்தினை நாள் அழுதவ. இண்டைக்குப் பூவும் காணட்டும். சந்தோசப்படுவா."

நானும் அப்படித்தான் நினைத்தேன். நாலு சுவருக்குள் இருந்த நாங்கள் மூவரும் அப்படித்தான் நினைத்தோம்.

ஸ்கைப் மணி அடித்தது. திரையில் முதலில் கடைச்சுவர், பிறகு மாமியாரின் நெற்றி, பிறகு முழு முகம். படம் உறைந்து உறைந்து வந்தது. நான் கதவோரம் நின்றேன், அபி படியில் இருந்தாள்.

மாமியார் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. திரைக்குக் கிட்ட வந்தார். இன்னும் கிட்ட வந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வாய் திறந்தது, சத்தம் பின்னால் வந்து சேர்ந்தது.

"தகவல் வந்திட்டுதோ?"

யோகாவுக்கு விளங்கவில்லை. "என்ன மாமி?"

"அவன் வந்திட்டானோ பிள்ளை? அங்கையோ வந்தவன்? படகிலையோ?" அவர் பின்னால் திரும்பி யாரையோ கூப்பிட்டார். "தங்கச்சி, இஞ்சை ஓடி வா, பூ வச்சிருக்கிறாள் பார். பூ வச்சிருக்கிறாள்!"

இன்னொரு முகம் திரைக்குள் வந்தது. இரண்டு கிழவிகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாக, பூவைப் பார்த்தார்கள். பொட்டு நம்பிக்கைக்கு. பூ வந்தவனுக்கு. அந்தக் கணக்கு எங்களில் ஒருவருக்கும் முன்னால் தோன்றவில்லை. நாங்கள் இந்த நாட்டில் நின்று யோசித்திருக்கிறோம். மார்த்தாவின் நாட்டில் நின்று யோசித்திருக்கிறோம்.

யோகாவின் கை பூவை நோக்கிப் போனது. போய், பாதியில் நின்றது, நேற்று மார்த்தாவின் கை நின்ற மாதிரி. கழற்றினால் என்ன அர்த்தம் ஆகும் என்று அவளுக்கு இப்போது தெரியும்.

கையை இறக்கி மடியில் வைத்தாள்.

"இன்னும் இல்லை மாமி."

படம் உறைந்தது. இரண்டு சிரித்த முகங்கள், அசைவில்லாமல். அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாமல் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். படியில் இருந்த அபி எழும்பி வந்து என் கையைப் பிடித்தாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் தானாகப் பிடித்தது இப்போதுதான்.

படம் அசைந்தபோது தங்கச்சியின் முகம் போயிருந்தது. மாமியார் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து முடித்துவிட்டிருந்தார்.

"அப்ப ஆர் வச்சுவிட்டது?"

"இஞ்சை ஒரு பிள்ளை. வேலையிடத்திலை ஒரு பாட்டுப் போட்டி. நான்தான் வெண்டனான் மாமி."

"என்ன பாட்டு?"

"தெரியாது மாமி. வேறை பாஷை."

"ம்." திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மறுபடி திரைக்குக் கிட்ட வந்தார், ஒரு கண் மட்டும் தெரியும் அளவுக்கு.

"உண்மைப் பூவோ?"

"இல்லை மாமி. துணிப்பூ."

"அப்ப நல்லது," என்றார் மாமியார். "வாடாது. இருக்கட்டும்."